எம்ஜிபி: எலக்ட்ரிக் ஃபேன் போட்ட பிறகும் வண்டி சூடாகிறதா? அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

பெங்களூரில் எம்ஜிபி என்னும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களைத் தவிக்கவிடுவது நந்தி மலை ஏற்றம் அல்ல. சில்க் போர்டு சிக்னலும் ஹெப்பாள் மேம்பாலத்தின் அடியும்தான். 1962 முதல் 1980 வரை வந்த இந்த வண்டியின் 1798 சிசி எஞ்சினில், பெரும்பாலான ஆண்டுகள் ஃபேன் வாட்டர் பம்ப் புல்லியோடு சேர்த்தே பூட்டப்பட்டிருந்தது. சிக்னலில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் நின்றால் ஃபேனும் கிட்டத்தட்ட அதே மந்த வேகத்தில்தான் சுற்றும். காற்று அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் அது மிகக் குறைவாகக் காற்று தருகிறது. அதனால்தான் பலரும் அதைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போடுகிறார்கள். சரியாகப் போட்டால் நல்ல மாற்றம். போட்ட பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை ஃபேனின் குறையால் வருவதில்லை. வயரிங், சுற்றும் திசை, சென்சார் வைத்த இடம் ஆகிய மூன்றில் ஒன்றால் வருகின்றன.

கீழே உள்ளவை எம்ஜிபியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், ஸ்டாண்டர்டு ஹெரால்ட் போன்ற வண்டிகளுக்கும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

முதலில் ஒரு கேள்வி: எந்த வேகத்தில் சூடாகிறது?

இதற்குப் பதில் தெரியாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற வேண்டாம்.

நின்றுகொண்டிருக்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் மட்டும் சூடு ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால், குறை காற்றில் இருக்கிறது. ஃபேன், அதன் வயரிங், ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடைவெளிகள், இவற்றைத் தேடுங்கள். நைஸ் ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஏறினால், குறை பெரும்பாலும் தண்ணீர் ஓட்டத்திலோ எஞ்சினிலோ இருக்கிறது. அந்த வேகத்தில் முன்பக்கக் கிரில் வழியாக வரும் காற்றே போதும். ஃபேன் இருக்கவே தேவையில்லை. இந்த நிலையில் இன்னும் பெரிய ஃபேன் வாங்கினால் பணம்தான் வீண். இரண்டு நிலையிலும் ஏறினால் வேகத்தில் வரும் குறையை முதலில் தீருங்கள். அதைத் தீர்த்ததும் சிக்னல் பிரச்சினையும் பல வண்டிகளில் தானாகவே அடங்கிவிடும்.

கையில் என்ன வேண்டும்

மல்டிமீட்டர், டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர், துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். மூன்றும் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது கவனம் தேவை: விலை குறைந்தவற்றில் பல ஏசி மின்னோட்டத்தை மட்டுமே அளக்கும். அது காரில் பூஜ்யம்தான் காட்டும்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பளபளக்கும் பித்தளையையும் அலுமினியத்தையும் தவறாகப் படிக்கும். உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அளக்கப்போகும் இடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் குறி வைத்து அளந்தால் எண் நம்பும்படி இருக்கும். மூன்று இடத்தில் ஒட்டுங்கள்: தெர்மோஸ்டாட் (சூடேறியதும் தண்ணீருக்கு வழி திறக்கும் வால்வு) மூடி, மேல் ஹோஸ் ரேடியேட்டரில் சேரும் இடம், கீழ் ஹோஸ் வெளியேறும் இடம். எஞ்சின் முழுதாகச் சூடேறி ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது, மேலுக்கும் கீழுக்கும் சுமார் 6 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருப்பது வழக்கம். வித்தியாசம் 2, 3 டிகிரிதான், இரண்டுமே சூடு என்றால் காற்று போதவில்லை. வித்தியாசம் 20-ஐத் தாண்டினால் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது. அடைப்பையும் பம்ப்பையும் பாருங்கள்.

இந்த ஊருக்கே உரிய ஒன்று. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் வெறும் தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் இங்கே கூடுதல் முக்கியம். 7 பிஎஸ்ஐ மூடி சரியாக வேலை செய்தால் கொதிநிலை சுமார் 109 டிகிரிக்கு ஏறும். 10 பிஎஸ்ஐ மூடியில் சுமார் 113. ரப்பர் வாஷர் காய்ந்துபோன மூடி இந்த 12 முதல் 16 டிகிரிப் பாதுகாப்பைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். ஃபேனைக் குறை சொல்வதற்கு முன் மூடியைச் சோதியுங்கள். மூடியின் கழுத்து நீளமும் ஒத்துப்போக வேண்டும்: பழைய ரேடியேட்டரின் ஆழமான கழுத்தில் இன்றைய குட்டை மூடியைப் போட்டால் அது திருகிப் பூட்டிக்கொள்ளும், ஆனால் உள்ளே அடைக்காது.

அறிகுறி: முள் ஏறுகிறது, ஃபேன் சுற்றவே இல்லை

எஞ்சினை நிறுத்துங்கள், சாவி மட்டும் ஆன் நிலையில் இருக்கட்டும். தெர்மோஸ்விட்சின் (சூடு ஏறியதும் ஃபேனைப் போடும் சென்சார் ஸ்விட்ச்) இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொட வையுங்கள். ஃபேன் சுற்றினால் ரிலே (சிறு மின்சாரத்தால் ஃபேனின் பெரிய மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் ஸ்விட்ச்), ஃப்யூஸ், மோட்டார் எல்லாம் நலம். ஸ்விட்சோ அது இருக்கும் இடமோதான் குறை. சுற்றாவிட்டால் வயரிங்கில் தேட வேண்டும்.

வயரிங் இப்படி இருக்க வேண்டும். ரிலேயின் 30-ஆம் முனைக்கு, எப்போதும் மின்சாரம் இருக்கும் பழுப்பு வயரிலிருந்து, தனி ஃப்யூஸ் வழியாக. எம்ஜிபியில் பேட்டரி சீட்டுக்குப் பின்னால் இருப்பதால், எஞ்சின் பக்கம் ஸ்டார்ட்டர் சோலினாய்டில் வந்து சேரும் பழுப்பு வயரே எடுக்க வசதியான இடம். 87-ஆம் முனையிலிருந்து ஃபேனுக்கு. 86-க்குச் சாவி போட்டால் உயிர் பெறும் பச்சை வயர். 85-லிருந்து தெர்மோஸ்விட்சுக்கு, அங்கிருந்து பாடி எர்த்துக்கு. லூகாஸ் நிறக் குறியீட்டில் பழுப்பு எப்போதும் உயிருள்ளது, வெள்ளை சாவி வழியாக ஃப்யூஸ் இல்லாமல் வருவது, பச்சை சாவி வழியாக ஃப்யூஸோடு வருவது, கறுப்பு எர்த். ஆனால் ஐம்பது ஆண்டுகளில் பல கை பட்ட வண்டியில் நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே வெட்டுங்கள்.

ஒற்றை முனை தெர்மோஸ்விட்ச் போட்டிருந்தால், அது தன் உடல் வழியாகவே எர்த் எடுக்கும். அதன் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருந்தாலோ, ரேடியேட்டர் ரப்பர் வாஷரில் உட்கார்ந்திருந்தாலோ எர்த் கிடைக்காது. ரேடியேட்டருக்கும் பாடிக்கும் இடையே மீட்டரில் ஓம்ஸ் பாருங்கள். அரை ஓமுக்கு மேல் காட்டினால் ரேடியேட்டரிலிருந்து தனியாக ஓர் எர்த் வயர் இழுங்கள்.

வயர்களைத் தொட வைத்தால் ஃபேன் சுற்றுகிறது, ஆனால் சூட்டில் தானாகச் சுற்றவில்லை என்றால் ஸ்விட்ச் தண்ணீரில் நனையவே இல்லையோ என்று சந்தேகப்படுங்கள். கூலன்ட் மாற்றிய பிறகு வரும் காற்றுப் பூட்டு இதற்கு முதல் காரணம். தெர்மோஸ்டாட் தட்டில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டு, அந்தத் துளை மேலே இருக்கும்படி பொருத்துங்கள். ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, வண்டியின் மூக்கை ஒரு சாய்தளத்தில் ஏற்றி நிறுத்தி, மெதுவாக ஊற்றுங்கள். ஹீட்டர் இல்லாமல் சுமார் 5.4 லிட்டர் பிடிக்க வேண்டும். 4 லிட்டரிலேயே நிறைந்துவிட்டால் மிச்ச இடத்தில் காற்று இருக்கிறது.

ரேடியேட்டர் இதழ்களுக்குள் செருகும் கம்பி வகை சென்சார் போட்டிருப்பவர்கள், முடிந்தால் அதை மாற்றிவிடுங்கள். அது தண்ணீரின் சூட்டை அளப்பதில்லை, இதழ்களின் சூட்டை அளக்கிறது. காற்று வீசினால் ஒன்று சொல்லும், நின்றால் வேறொன்று சொல்லும்.

அறிகுறி: ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, சூடு மட்டும் இறங்கவில்லை

இதுதான் பலரையும் வாரக்கணக்கில் அலைக்கழிக்கும் பிழை. காரணம் பெரும்பாலும் ஃபேன் தலைகீழாகச் சுற்றுவது.

1967-இன் பிற்பகுதி வரை வந்த எம்ஜிபிகள் பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பிளஸ் பாடியில் இருக்கும். இன்று கடையில் கிடைக்கும் எல்லா ஃபேனும் நெகட்டிவ் எர்த் வண்டிக்குச் செய்தவை. அதில் இருப்பது நிரந்தரக் காந்த மோட்டார். பிளஸ், மைனஸ் இடம் மாறினால் சுழலும் திசையும் மாறும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் பழக்கத்தில் சிவப்பு வயரை ரிலேக்கும் கறுப்பை எர்த்துக்கும் கொடுத்துவிடுவார். ஃபேன் பழுதின்றிச் சுற்றும், சத்தமும் போடும், எதிர்ப்பக்கம் கொஞ்சம் காற்றும் வரும். இறக்கைகள் ஒரு திசைக்கென்றே வளைந்திருப்பதால் பாதிக் காற்றுக்குக்கூட உத்தரவாதம் இல்லை. அதோடு, வண்டி நகரும்போது கிரில் வழியாக வரும் காற்றோடு அது சண்டை போடும்.

சோதனைக்கு ஒரு தினத்தாளின் ஒற்றைத் தாள் போதும். ஃபேன் ஓடும்போது கிரிலின் முன்னால் தாளைப் பிடியுங்கள். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்தாலும் முன்னால் இருந்தாலும், காற்று வண்டியின் முன்பக்கத்திலிருந்து எஞ்சினை நோக்கித்தான் போக வேண்டும். தாள் கிரிலோடு ஒட்டிக்கொண்டு நின்றால் திசை சரி. படபடத்து வெளியே தள்ளப்பட்டால் மோட்டாரின் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள். மாற்றிய பின் எர்த் வயரில் சிவப்பு இருக்கும். அடுத்து தொடுபவருக்குத் தெரியும்படி ஒரு சீட்டு எழுதிக் கட்டிவிடுங்கள்.

இங்கே இன்னொரு குழப்பம். பின்னாலிருந்து இழுக்கும் ஃபேனை முன்னால் வைத்துத் தள்ள வைக்க வேண்டுமென்றால், வயரை மாற்றினால் மட்டும் போதாது. இறக்கையைக் கழற்றித் திருப்பிப் போட வேண்டும். சில ஃபேன்களில் இறக்கை ஒரே பக்கம்தான் பொருந்தும். அவற்றைத் திருப்ப முடியாது. வாங்கும்போதே இழுப்பதா, தள்ளுவதா என்று கேட்டு வாங்குங்கள். இடம் இருந்தால் பின்னால் வைத்து இழுப்பதே நல்லது. முன்னால் வைத்த ஃபேன் நெடுஞ்சாலையில் ரேடியேட்டருக்கு வரும் காற்றை மறைக்கும்; எம்ஜிபியில் முன்னால் ஆயில் கூலரும் இருப்பதால் நெருக்கடி கூடும்.

பாசிட்டிவ் எர்த் வண்டியில் ரிலேயையும் பாருங்கள். உள்ளே டயோடு வைத்த ரிலே என்றால் 85, 86 முனைகள் திசை மாறும்போது டயோடு எரிந்து, கட்டுப்பாட்டு ஃப்யூஸையும் கூடவே கொண்டுபோகும். டயோடு இல்லாத சாதாரண நான்கு முனை ரிலேயைக் கேட்டு வாங்குங்கள். எலக்ட்ரானிக் ஃபேன் கன்ட்ரோலர் எதுவும் பாசிட்டிவ் எர்த்தில் வேண்டாம்.

திசை சரியாக இருந்தும் சூடு இறங்கவில்லையா? வோல்ட்டேஜைப் பாருங்கள். ஃபேன் ஓடும்போது மோட்டாரின் கனெக்டரிலேயே மீட்டரை வையுங்கள். பேட்டரியில் உள்ளதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. 1 சதுர மி.மீ. வயரில் போகவர 4 மீட்டர் நீளத்தில் 10 ஆம்ப் ஓடினால், வயரிலேயே சுமார் 0.7 வோல்ட் போய்விடும். கனெக்டர்களின் இழப்பு தனி. 2.5 சதுர மி.மீ. வயரில் அது 0.28-ஆகக் குறையும். ஃபேனுக்கு 2.5-க்குக் குறைந்த வயர் போடாதீர்கள். 4 போட்டால் இன்னும் நிம்மதி. எர்த் வயரும் அதே கனம் இருக்க வேண்டும். பெயின்ட் அடித்த தகட்டில் ஸ்க்ரூ முறுக்கி எர்த் எடுப்பதுதான் நாம் அடிக்கடி பார்க்கும் கோளாறு. பெயின்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

கடைசியாகக் காற்றின் பாதை. காற்று சோம்பேறி, ரேடியேட்டருக்குள் நுழைவதைவிட அதைச் சுற்றிப் போக வழி இருந்தால் அப்படியே போகும். ரேடியேட்டருக்கும் பாடிக்கும் நடுவே ஒரிஜினலாக இருந்த ஃபோம் பட்டைகள் பெரும்பாலான வண்டிகளில் மண்ணாகிப் போயிருக்கும். அந்த இடைவெளி வழியாக எஞ்சின் பக்கத்துச் சூடான காற்று முன்னால் திரும்பி வந்து, அதே காற்றையே ஃபேன் மறுபடி இழுக்கும். மூன்று பக்கமும் கெட்டியான ரப்பர் ஃபோம் ஒட்டி அடையுங்கள். செலவு மிகக் குறைவு. சிக்னலில் கிடைக்கும் பலன் பெரிய ஃபேன் வாங்கியதற்குச் சமமாகவே இருக்கும். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஷ்ரவுட் என்ற காற்றுக் கூடு இல்லாவிட்டால், இறக்கை சுற்றும் வட்டத்துக்குள் இருக்கும் இதழ்களுக்கு மட்டுமே காற்று கிடைக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

அறிகுறி: ஓடும்போதுதான் சூடு ஏறுகிறது

ஃபேனை விட்டுவிடுங்கள். இந்த வரிசையில் பாருங்கள்.

இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தால் எரிதலின் சூடு எக்ஸாஸ்ட் பக்கமாகவும் ஹெட்டுக்குள்ளும் போகும். டைமிங் லைட் வைத்து, உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்யுங்கள். வேக்யூம் அட்வான்ஸ் குழாயை வாயால் உறிஞ்சிப் பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டர் தட்டு நகர வேண்டும்; நகராவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. எஸ்யூ கார்புரேட்டரில் கலவை மெலிந்திருந்தாலும் இதே பலன்தான்.

கீழ் ஹோஸை எஞ்சின் ஓடும்போது பாருங்கள். ஒருவர் ஆக்சிலரேட்டரை 3000 சுற்றில் பிடிக்க, இன்னொருவர் பார்க்க வேண்டும். பம்ப் உறிஞ்சும் வேகத்தில் ஹோஸ் உள்வாங்கி ஒட்டிக்கொண்டால் தண்ணீர் ஓடாது. புதிய ஹோஸ் போடுங்கள்.

பிறகு ரேடியேட்டரின் உள்ளடைப்பு. மேட் கறுப்பு அடித்த ரேடியேட்டரின் முகத்தை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் இடமிருந்து வலமாகத் தடவிப் பாருங்கள். நடுவில் சூடு, ஒரு ஓரம் திடீரென்று 15 டிகிரி குறைவு என்றால் அந்த ஓரத்துக் குழாய்கள் அடைத்திருக்கின்றன. பெங்களூர் போர்வெல் தண்ணீரின் உப்பு இதற்குத் தாராளமாக உதவியிருக்கும். ஜே.சி. ரோட்டில் ரேடியேட்டர் பட்டறைகள் இருக்கின்றன. மேல் தொட்டியைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பை எடுக்கும் ராடிங் செய்யச் சொல்லுங்கள். இதழ்கள் பொடியாக உதிர்கிறதென்றால் குழாய்களும் இதழ்களும் சேர்ந்த ‘கோர்’ பகுதியையே மாற்றுவது நல்லது. அதன் பிறகு குழாய்த் தண்ணீர் வேண்டாம்: பேட்டரிக்கு ஊற்றும் டிஎம் தண்ணீரும் மூன்றில் ஒரு பங்கு கூலன்டும் போதும். இங்கே பனி உறைவதில்லை. கூலன்ட் நமக்குத் துருவைத் தடுக்கத்தான்.

தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றும் பாருங்கள். 'வால்வை எடுத்துவிட்டால் வண்டி சூடாகாது' என்று பட்டறையில் யாரோ எப்போதோ கழற்றிப் போட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் ரிங் ரோட்டில் குளிர்ந்தும் சிக்னலில் கொதித்தும் அலையும். தெர்மோஸ்விட்சின் கணக்கு எல்லாம் கெட்டுவிடும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் போடுங்கள். போடும் முன் நூலில் கட்டிப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மோமீட்டரோடு சூடாக்கிப் பாருங்கள். 82-ஐ ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும்; நம் ஊரில் தண்ணீர் 97-இல் கொதிக்கும் முன்பே முழுதாகத் திறந்துவிட வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்து, எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் கிளப்பியதும் ரேடியேட்டர் கழுத்தில் விடாமல் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. கம்ப்ரஷன் சோதனையில் பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைவாகக் காட்டினால் உறுதி.

அறிகுறி: ஃபேன் நிற்பதே இல்லை

தெர்மோஸ்விட்ச் ஃபேனை நிறுத்தும் சூடு, தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டைவிட மேலே இருக்க வேண்டும். 82 தெர்மோஸ்டாட்டோடு, 82-இல் நிறுத்தும் ஸ்விட்சை மேல் தொட்டியில் வைத்தால் ஃபேன் வீடு வரும்வரை ஓடும். எஞ்சின் 82-க்குக் கீழே இறங்கப்போவதே இல்லையே. மேல் தொட்டியிலோ மேல் ஹோஸிலோ வைப்பதற்கு 92-இல் தொடங்கி 87-இல் நிற்கும் ஸ்விட்ச் பொருந்தும். கீழ்த் தொட்டியில் வைத்தால், அங்கே குளிர்ந்த தண்ணீர் வருவதால், அதற்கும் குறைந்த எண் வேண்டும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் ஓடுகிறதென்றால் ஸ்விட்ச் வயரைக் கழற்றுங்கள். நின்றால் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிற்காவிட்டால் ரிலேயின் உள் முனைகள் ஒட்டியிருக்கின்றன; மெல்லத் தட்டினால் விடும், ஆனால் அப்படியே வைத்துக்கொள்ளாமல் மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: ஃபேன் ஓடத் தொடங்கினால் விளக்கு மங்குகிறது, காலையில் பேட்டரி படுத்துவிடுகிறது

டைனமோ வண்டிக்கு எலக்ட்ரிக் ஃபேன் போட்டால் இது வந்தே தீரும். ஆரம்ப கால எம்ஜிபியில் இருக்கும் லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்ப் தரும், அதுவும் எஞ்சின் நன்றாகச் சுற்றும்போது. ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றுமே தராது. சிவப்பு விளக்கு மினுக்குவதே அதன் ஒப்புதல்.

மழை இரவில், கே.ஆர்.புரம் பக்கம் நெரிசலில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட் 8 ஆம்ப், மற்ற சிறு விளக்குகள் 3, இக்னிஷன் 4, வைப்பர் 3, மிதித்திருக்கும் பிரேக் விளக்குகள் 3 முதல் 4, ஃபேன் 8 முதல் 10. ஏறக்குறைய 30 ஆம்ப் ஆகிறது. அதில் பெரும்பகுதியைப் பேட்டரிதான் தருகிறது. பேட்டரி இறங்க இறங்க ஃபேனுக்கு வரும் வோல்ட்டேஜும் இறங்கும், ஃபேன் மெதுவாகும், சூடு ஏறும், ஃபேன் இன்னும் நீண்ட நேரம் ஓடும்.

ஃபேனை மாற்றும் முன் மின் உற்பத்தியை மாற்றுங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து. பின்னாளைய எம்ஜிபிகளில் வந்த லூகாஸ் 16ஏசிஆர் ஆல்டர்னேட்டர் 34 ஆம்ப், 18ஏசிஆர் 43 ஆம்ப். அதற்கு வண்டி நெகட்டிவ் எர்த்தாக மாற வேண்டும். பேட்டரி இணைப்பைத் திருப்பும்போது இக்னிஷன் காயிலின் இரண்டு சிறு வயர்களையும் இடம் மாற்றுங்கள். எலக்ட்ரானிக் டாக்கோமீட்டர் இருந்தால் அதை அப்படியே இணைக்காதீர்கள், உள்ளே மாற்றம் செய்யாமல் கொடுத்தால் பழுதாகும். 1974 வரை எம்ஜிபியில் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருந்தன. இரண்டையும் திருப்ப வேண்டும், அல்லது ஒரே 12 வோல்ட் பேட்டரிக்கு மாறலாம். பழைய ரெகுலேட்டர் பெட்டி ஆல்டர்னேட்டருக்குத் தேவையில்லை. அதன் உள் சுற்றைத் துண்டித்துவிட்டு, வெளி முனைகளை வயர் சேருமிடமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

டைனமோவைக் கைவிட மனமில்லாதவர்கள், 10 அங்குலத்துக்கு மேற்பட்ட ஃபேனை நாட வேண்டாம். வாங்கும் முன் பேட்டரியில் நேராகக் கொடுத்து, கிளாம்ப் மீட்டரில் எத்தனை ஆம்ப் இழுக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். சிவாஜி நகரில் மாருதி 800-இன் பழைய ஃபேன்கள் மலிவாகக் கிடைக்கும், நன்றாகவும் ஓடும். தேய்ந்த மோட்டார் என்றால் புதியதைவிடக் கூடுதல் மின்சாரம் தின்னும். கையால் சுற்றிப் பாருங்கள்: தடங்கலின்றிச் சுற்றி மெல்ல நிற்க வேண்டும், அச்சு ஆடவே கூடாது.

அறிகுறி: ஃப்யூஸ் போகிறது, அல்லது ஃப்யூஸ் ஹோல்டர் உருகுகிறது

இரண்டும் வேறு வேறு நோய். மோட்டார் கிளம்பும் அந்த நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு மின்னோட்டம் போகும். 10 ஆம்ப் ஃபேனுக்கு 10 ஆம்ப் ஃப்யூஸ் தாங்காது. 20 போடுங்கள், வயர் 2.5 சதுர மி.மீ.க்குக் குறையாமல். 20-உம் போனால் இறக்கை எதிலாவது உரசுகிறதா, வயர் ரேடியேட்டர் தகட்டில் தேய்ந்து ஷார்ட் ஆகிறதா என்று பாருங்கள்.

ஃப்யூஸ் நன்றாக இருக்க, ஹோல்டர் மட்டும் பழுப்பேறி உருகுகிறதென்றால் பிடிப்பு தளர்வு. மலிவான ஹோல்டரின் தகடுகள் சூட்டில் விரிந்து இன்னும் தளரும், இன்னும் சூடாகும். தடித்த வயரோடு வரும் நல்ல ஹோல்டர் வாங்குங்கள். வண்டியின் ஒரிஜினல் ஃப்யூஸ் பெட்டியில் ஃபேனைச் சேர்க்கவே வேண்டாம்.

அறிகுறி: ஃபேன் ஓடினால் டெம்பரேச்சர் முள் துள்ளுகிறது

தண்ணீரின் சூடு ஒரு நொடியில் 10 டிகிரி மாறாது. முள் சட்டென்று நகர்ந்தால் அது மின்சாரக் கோளாறு. எலக்ட்ரிக் மீட்டர் உள்ள வண்டிகளில் டாஷ்போர்டுக்குப் பின்னால் 10 வோல்ட் ஸ்டெபிலைசர் இருக்கும். அதன் எர்த் மோசமானால் மீட்டருக்கு முழு வோல்ட்டேஜ் போய் எண் கூடுதலாகக் காட்டும். பெட்ரோல் மீட்டரும் அதோடு சேர்ந்து ஏறினால் சந்தேகமே வேண்டாம். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையேயான எர்த் பட்டையையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கம்பிக் குழாய் வழியாக அளக்கும் பழைய மீட்டர் என்றால் இந்தத் தொல்லை வராது.

அறிகுறி: சாவியைத் திருப்பிய பிறகும் எஞ்சின் இரண்டு மூன்று நொடி ஓடுகிறது

சீராக ஓடி நின்றால், ஃபேனை ரிலே இல்லாமல் இக்னிஷன் சுற்றிலேயே சேர்த்திருக்கிறார்கள். மின்சாரம் நின்ற பிறகும் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, காயிலுக்கு மின்சாரம் அனுப்புகிறது. ஃபேனுக்கு மேலே சொன்னபடி தனி ரிலே போட்டால் தீர்ந்தது. குலுங்கிக் குலுங்கி, தட்டும் சத்தத்தோடு ஓடினால் அது வேறு: சிலிண்டருக்குள் கரி சூடேறிப் பெட்ரோலைத் தானாகப் பற்றவைக்கிறது. ஐட்லிங் வேகத்தைக் குறைத்து, டைமிங்கைச் சரிபாருங்கள்.

அறிகுறி: நிறுத்திய பின் தண்ணீர் வெளியே கொட்டுகிறது

கழுத்து வரை நிரப்பியிருந்தால் விரிவடையும் தண்ணீர் வெளியேறத்தான் செய்யும். குளிர்ந்த நிலையில் கழுத்துக்கு 25 மி.மீ. கீழே மட்டம் இருந்தால் போதும். தினமும் குறைந்துகொண்டே போனால் மட்டும் கவலைப்படுங்கள். மூடி, பம்ப் தண்டு, ஹீட்டர் குழாய், கடைசியில் ஹெட் கேஸ்கட், இந்த வரிசையில்.

அறிகுறி: உரசல் சத்தம், அல்லது சில மாதத்தில் ரேடியேட்டர் ஒழுகல்

ரேடியேட்டர் இதழ்களுக்குள் பிளாஸ்டிக் டை செருகி ஃபேனைக் கட்டும் முறையை அனுமதிக்காதீர்கள். குலுங்கும்போது டை குழாயைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். பக்கத் தகடுகளில் பிடிக்கும் இரும்புப் பட்டை இரண்டு வளைத்து, ரப்பர் வாஷரோடு ஃபேனைத் தாங்குங்கள்.

பம்ப் புல்லியின் மூக்குக்கும் ஃபேன் மோட்டாரின் முதுகுக்கும் குறைந்தது 15 மி.மீ. இடைவெளி விடுங்கள். வேகத்தில் பிரேக் போடும்போது எஞ்சின் மவுன்ட்டில் முன்னால் நகரும். மவுன்ட் ரப்பர் பழசென்றால் அந்த இடைவெளியும் போதாது. அதை முதலில் மாற்றுங்கள். பழைய ஃபேனைக் கழற்றியதும் அதே போல்ட்டுகளை வெறும் புல்லியில் முறுக்கினால் நீளம் மிஞ்சிப் பம்ப் உடலில் இடிக்கும். குட்டை போல்ட் போட்டு, பெல்ட் மாட்டும் முன் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மரை யுஎன்எஃப் (அங்குலக் கணக்கு மரை), மெட்ரிக் போல்ட்டை வற்புறுத்தி ஏற்றினால் பம்ப் ஹப்பின் மரை அழிந்துவிடும். பெல்ட் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 13 மி.மீ. இறங்க வேண்டும், ஃபேன் போய்விட்டாலும் பம்ப்பைச் சுற்றுவது அந்த பெல்ட்தான்.

மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கி நின்றால் வேறு வழியில் போங்கள். போயே ஆக வேண்டும், தண்ணீர் பம்பருக்கு வெகு கீழே இருக்கிறது என்றால், அந்த நேரத்துக்கு ஃபேனை நிறுத்த 86-ஆம் முனையின் பச்சை வயரில் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் வையுங்கள். சுற்றும் இறக்கை தண்ணீரில் இறங்கினால் முன்னால் வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கும். தண்ணீரைக் கடந்ததும் ஸ்விட்சை மறுபடி போட மறக்காமலிருக்க, அது அணைந்திருக்கும்போது எரியும்படி ஒரு சிறு சிவப்பு விளக்கையும் சேர்த்துவிடுங்கள்.